விரிந்து நின்ற கண்பாவை

சனிக்கிழமை காலை. பார்வையாளர் நேரம் முடிந்து உறவினர்கள் வெளியேறியிருந்தார்கள். பினாங்குத் தீவின் மருத்துவமனை ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசிக் கட்டிலில் கிடந்த பிச்சைமுத்துவின் இமையைத் தாதி சல்மா விரலால் உயர்த்திப் பேனா விளக்கை அடித்தாள்.

கண்ணின் நடுவிலுள்ள கறுப்புப் பாவை சுருங்கவில்லை.

மற்றக் கண்ணில் அடித்தாள். அதுவும் சுருங்கவில்லை. இரண்டு பாவைகளும் விழியின் பழுப்பு நிறம் ஒரு மெல்லிய வளையமாகத் தெரியும் அளவுக்கு விரிந்து அப்படியே நின்றன. விடியற்காலையில் பார்த்தபோதுகூட அவை ஒழுங்காகச் சுருங்கின.

சல்மா விளக்கை அணைத்தாள். டாக்டர் நஸீஹாவைக் கூப்பிட்டாள்.

பிச்சைமுத்துவுக்கு நாற்பத்தெட்டு வயது. தினமும் ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த்துக்குப் போய், மாக் மண்டின் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். செவ்வாய்க்கிழமை மாலை தன் வீட்டு மாடிப்படியின் அடியில் மண்டை உடைந்து கிடந்தார். மண்டைக்குள் கசிந்த இரத்தத்தை அறுவை செய்து எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் நஸீஹா குடும்பத்தாரை அழைத்து நல்ல செய்தி சொல்லியிருந்தாள். "வெளிச்சம் அடிச்சா கண்ணு சுருங்குது. நல்ல அறிகுறி. மயக்க மருந்த குறைச்சிட்டு வர்றோம். சீக்கிரமே முழிச்சாலும் முழிப்பாரு."

இப்போது அந்தக் கண்கள் அசையவில்லை.

தலையை அவசரமாக ஸ்கேன் எடுத்தார்கள். அதன் முடிவு வருவதற்குள் தாழ்வாரத்தில் அழுகை கிளம்பிவிட்டது. பிச்சைமுத்துவின் தம்பி தயாளன், முப்பத்து நான்கு வயது, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"கண்ணு அசையற வரைக்கும்தான் நம்பிக்கை, அண்ணி. மூளை செத்துப் போச்சு. அண்ணன் உயிரோட இருந்தப்ப எத்தன பேருக்கு ஒதவி செஞ்சாரு? அவரோட கிட்னி, ஈரல், கண்ணு எல்லாத்தையும் தானம் குடுத்துடுவோம். நாலு பேர் வாழட்டும்."

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிச்சைமுத்துவின் மனைவி ருக்குமணி மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "இல்ல. இல்ல. நான் சம்மதிக்க மாட்டேன்."

நண்பகலில் இன்ஸ்பெக்டர் குமுதா வந்தாள். வரச் சொன்னது டாக்டர் நஸீஹா.

* * *

"டாக்டர், நேரா சொல்லுங்க. இவரு செத்துட்டாரா இல்லியா?"

"இல்ல. செத்துட்ட மாதிரி யாரோ இவரு கண்ண மட்டும் ஜோடிச்சு விட்டிருக்காங்க."

குமுதா கட்டிலைப் பார்த்தாள். தலை முழுக்கக் கட்டு. வாயில் குழாய். பாதி மூடிய இமைகளுக்கு அடியில் இரண்டு பெரிய கறுப்பு வட்டங்கள்.

"எப்படிச் சொல்றீங்க?"

நஸீஹா சல்மாவுக்குத் தலையசைத்தாள். சல்மா சளி உறிஞ்சும் மெல்லிய குழாயை உள்ளே விட்டாள். பிச்சைமுத்துவின் நெஞ்சு குலுங்கியது. இருமினார்.

"மூளை செத்தவரு இருமமாட்டாரு. மிஷின் குடுக்கற மூச்சுக்கு மேல இவரா வேற மூச்சு இழுக்கறாரு. ஸ்கேன்ல புதுசா வீக்கம் இல்ல, ரத்தம் இல்ல. மூளைச்சாவுன்னு சொல்றதுக்கு கண்பாவை ஒரு சோதனைதான் மேடம். அது ஒண்ண மட்டும் வச்சு யாரும் முடிவெடுக்க மாட்டோம். இருமல் இருக்கா, தானா மூச்சு வருதா, கண்ண தொட்டா இமைக்குதா, காதுல குளுந்த தண்ணி விட்டா கண்ணு திரும்புதா, எல்லாத்தையும் ரெண்டு டாக்டருங்க தனித்தனியா பாக்கணும்."

"அப்ப கண்ணு மட்டும் ஏன்?"

"அதத்தான் நானும் யோசிச்சேன். கண்பாவைய சுருக்கற மருந்து ஒண்ணு இருக்கு. நரம்பு கெட்டுப் போய் விரிஞ்ச பாவைன்னா அந்த மருந்துக்கு சுருங்கிடும். ஏன்னா தசை நல்லாத்தான் இருக்கும், நரம்புலதான் கோளாறு. இவரு கண்ணுல விட்டேன். கொஞ்சம்கூட சுருங்கல. தசையையே ஒரு மருந்து கட்டிப் போட்டிருக்கு. அட்ரோபின் மாதிரி ஏதோ ஒண்ணு. கண் டாக்டருங்க பாவைய விரிக்கறதுக்கு ஊத்தற சொட்டு."

"நீங்க யாராச்சும் குடுத்தீங்களா? தவறுதலா?"

"குடுக்கல. எல்லா மருந்தையும் நானே திரும்பப் பாத்துட்டேன்."

"இவரு கண்ணுல வேற என்ன விடுவீங்க?"

சல்மாவின் முகம் மாறியது. கட்டில் பக்கத்துத் தட்டைக் காட்டினாள். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு சின்னச் சொட்டு பாட்டில். "கண்ணு சரியா மூடல மேடம். காஞ்சிடக் கூடாதுன்னு இந்தக் கண்ணீர் சொட்டு. கீழ மருந்துக்கடையில விக்கிற சாதாரண சொட்டுதான். ருக்குமணி அக்கா தினமும் வந்து சும்மா ஒக்காந்து அழுவாங்க. அவங்களுக்கும் ஒரு வேலையா இருக்கட்டும்னு, கையுறை போட வச்சு, அவங்களையே விடச் சொன்னேன்."

குமுதா கையுறை மாட்டிக்கொண்டு பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். சொட்டு விழும் வெள்ளை மூக்கின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒரு பக்கம் மூன்று. எதிர்ப்பக்கம் இரண்டு.

"புதுசுல இப்படியா இருக்கும்?"

"இருக்காது மேடம்."

பாட்டில் தடயப் பைக்குள் போனது.

"இன்னிக்கு காலையில யார் யார் உள்ள வந்தாங்க?"

"ஒரே நேரத்துல ரெண்டு பேரத்தான் விடுவோம். மொதல்ல ருக்குமணி அக்காவும் தயாளன் அண்ணனும். அண்ணன் பாவம், உள்ள வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னு தேம்பித் தேம்பி அழுதாரு. அக்கா சொட்டு விட்டு முடிச்சு, ரெண்டு பேரும் வெளிய போனதுக்கு அப்புறம் அவங்க வீட்டுக்குப் பக்கத்துக் கடை சதாம் அண்ணே வந்தாரு. எட்டி நின்னு துவா செஞ்சுட்டுப் போயிட்டாரு. அவ்ளோதான்."

பதினான்கு வருட போலீஸ் வேலையில் குமுதா இரத்தத்துக்கும் பிணத்துக்கும் பழகிவிட்டாள். ஆனால் கட்டிப் போட்டதுபோலக் கிடக்கும் ஒரு மனிதனின் கண்ணுக்குள், அவன் மனைவியின் கையாலேயே, மருந்தை ஊற்ற வைத்த ஒருவன் இந்தக் கட்டிடத்துக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்ததும் அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்போதைக்கு இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. டெஸ்ட் இன்னும் முடியலன்னு மட்டும் சொல்லுங்க."

சல்மாவைக் கட்டிலை விட்டு நகர வேண்டாம் என்றாள். வாசலில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தினாள்.

* * *

ருக்குமணி ஒரு தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது திறக்கப்படவே இல்லை.

"காலையில நீங்கதான் சொட்டு விட்டீங்களாக்கா?"

"நான்தான். தெனமும் நான்தான். நர்ஸ் மிஸ்ஸி சொன்ன மாதிரி கையுறை போட்டு. தம்பி பாட்டில எடுத்துக் குடுத்தான், நான் விட்டேன். தப்பா விட்டுட்டேனா மேடம்?"

"இல்லக்கா. வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"கீழ நாங்க ரெண்டு பேரு. பின்னாடி ரூம்ல தயாளன், அவன் பொண்டாட்டி, சின்னப் பொண்ணு. மேல நாலு ரூம், ஃபேக்டரி பொண்ணுங்களுக்கு சேவாவுக்கு, வாடகைக்கு விட்டிருக்கோம். தயாளன் இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேனோ. மகளுக்கு கண்ணாடி போடணும்னு கிளினிக்குக்கும் ஓடறான், இங்கயும் ஓடி வர்றான்."

"தானம் பத்தி என்ன நெனைக்கிறீங்க?"

"நல்ல காரியந்தான். செத்தவங்க குடுக்கட்டும். எம் புருஷன் கை சூடா இருக்கே மேடம்."

தயாளன் தாழ்வாரத்தின் கோடியில் நின்றான். உள்ளே விளக்கு மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். குமுதா தன் அட்டையை நீட்டினாள். அவன் வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, தலையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தான்.

"இன்ஸ்பெக்டர்... குமுதா. எதுக்கு மேடம் போலீசு?"

"படியில விழுந்த கேஸ். கேக்க வேண்டியது எங்க வேல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"பட்டர்வொர்த்துல. கூட்டாளியப் பாக்கப் போயிருந்தேன். போன் வந்துதான் ஓடி வந்தேன்."

"கண்ணுக்கு என்ன?"

"அழுது அழுது வீங்கிப் போச்சு மேடம். அப்பா மாதிரி என்னை வளத்தவரு." குரல் உடைந்தது. பிறகு தானாகவே சொன்னான்: "சதாம்கிட்ட கேட்டீங்களா? அண்ணனுக்கும் அவருக்கும் ஆகாது. அவரோட கடை ஜிங்கு தகரக் கூரையில ஏறினா எங்க மாடி பாத்ரூம் ஜன்னலத் தொடலாம். அதுல ஏதோ தகராறு. எனக்கு முழுசா தெரியாது."

குமுதாவின் கைப்பேசி அதிர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து ஒரு இணைப்பு அனுப்பியிருந்தார்கள். தயாளனின் ஃபேஸ்புக் பக்கம். குழாய் செருகிய முகத்தோடு அண்ணனின் படம். 'என் அண்ணன் மறைந்தும் நான்கு பேரில் வாழ்வார்.' அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் கும்பிடும் கைகள், இதயங்கள்.

உயிரோடு இருக்கிற மனிதன். குமுதா கைப்பேசியைக் கவிழ்த்துப் பையில் போட்டாள்.

* * *

பிச்சைமுத்துவின் வீடு டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் பழைய இரண்டு மாடிக் கடைவீடு. அடுத்த சுவர் சதாமின் நாசி கண்டார் சோற்றுக்கடை. மதியக் கூட்டம் கலைந்திருந்தது. ஐம்பதைத் தாண்டிய சதாம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். கண்ணருகே கொண்டுபோய், அடியிலிருந்த பொடி எழுத்துவரை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார்.

"பிச்சைமுத்துவோட சண்டையா அண்ணே?"

"சண்டைலாம் இல்ல லா. கால்வாயில என் கடை எண்ணெய் அடைக்குதுன்னு அவரு கத்துவாரு, நானும் கத்துவேன். அடுத்த நாளு என் கடையிலதான் தே தாரிக் டீ குடிப்பாரு. அவரு விழுந்து கெடந்தத பாத்து தூக்கினவனே நான்தானே."

"ஏன் போய்ப் பாத்தீங்க?"

சதாம் தயங்கினார். "சத்தம் கேட்டுச்சு மேடம். விழுந்த சத்தம். அதுக்கு முன்னாடி அவரு குரல் கேட்டுச்சு. யாரையோ திட்டிட்டு இருந்தாரு. 'அந்தப் பொண்ணுங்க மொகத்தப் பாத்து சொல்லு'ன்னு. பதில் குரல் கேக்கல. போன்ல பேசறாருன்னு நெனச்சேன்."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"குடும்ப விஷயம் மேடம். சூசா, தொல்லை வேணாம்னு பாத்தேன்."

'அந்தப் பொண்ணுங்க.' குமுதா பிச்சைமுத்து வீட்டு மாடிக்கு ஏறினாள்.

மேலே வாடகைக்கு இருக்கும் பெண்களில் துளசி மட்டும் இருந்தாள். இருபத்து மூன்று வயது. புக்கிட் தெங்காவில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. அன்று விடுப்பு. கதவைப் பாதிதான் திறந்தாள்.

"பாத்ரூம் எங்க?"

அந்தக் கேள்விக்கு அவள் கண் கலங்கியதை குமுதா பார்த்தாள். அவளை ஒன்றும் கேட்காமல் தானே போனாள். சின்னக் குளியலறை. சுவரில் மேலே காற்றை வெளியே தள்ளும் விசிறி. பக்கெட்டைக் கவிழ்த்து ஏறி நின்று பார்த்தாள். விசிறியின் சட்டத்துக்குள், ஷவரை நோக்கிய பக்கத்தில், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பின் துண்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த டேப்பில் சதுரமாக ஒரு தடம். ஒரு கட்டை விரல் அகலம்.

வெளிச்சுவரின் பக்கம் கம்பிவலை அடித்திருந்தது. துருப்பிடித்த ஆணிகள். பல வருடமாக யாரும் அதைத் தொடவில்லை. கூரை வழியாக வந்து இதை வைத்திருக்க முடியாது. வீட்டுக்குள்ளிருந்துதான் வைக்க முடியும்.

குமுதா இறங்கினாள். துளசி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"எப்ப கண்டுபுடிச்ச தங்கச்சி?"

"ஞாயித்துக்கிழமை. குளிக்கறப்ப மேல சின்னதா ஏதோ மின்னுச்சு. கேமரா. நான் கத்தல மேடம். துண்ட சுத்திக்கிட்டு ரூமுக்குள்ள போயி கதவ சாத்திட்டு ஒக்காந்துட்டேன். எத்தன நாளா இருந்துச்சோ. அத நெனச்சா இப்பவும் ஒடம்பெல்லாம் என்னவோ செய்யுது."

"யார்கிட்ட சொன்ன?"

"பிச்சைமுத்து அண்ணன்கிட்ட மட்டும். அவரே ஏறி எடுத்தாரு. கையில வச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. மொகம் கறுத்துப் போச்சு. 'இத நான் எங்கயோ பாத்திருக்கேன்'னு தனக்குத் தானே சொன்னாரு. அப்புறம் என்னப் பாத்து, 'பயப்படாதம்மா, நான் பாத்துக்கிறேன்'னாரு. ரெண்டு நாள்ல விழுந்துட்டாரு."

"அந்தக் கேமரா இப்ப எங்க?"

"தெரியாது மேடம். நான் வாயத் தொறந்ததாலதான் அவருக்கு இப்படி ஆச்சா?"

"இல்ல. அத வச்சவனாலதான்." குமுதா அவள் கையைப் பிடித்தாள். "நீ சொன்னது சரி. இன்னொரு தடவ எனக்காக எழுத்துல சொல்லணும். முடியுமா?"

துளசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

குமுதா காருக்குள் உட்கார்ந்து டாக்டர் நஸீஹாவை அழைத்தாள். இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டு பதில்களையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு சல்மாவை அழைத்து ஒரே ஒரு கேள்வி.

"காலையில வாசல்ல நின்னு அழுதாருன்னு சொன்னீங்களே. அப்ப கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரா?"

"இல்ல மேடம். விரலால கண்ணக் கசக்கிக் கசக்கி அழுதாரு. கண்ணாடி மத்தியானத்துலதான்."

* * *

ஞாயிற்றுக்கிழமை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்தில் குடும்பத்தாரிடம் பேசுவதற்கென்று ஒரு சின்ன அறை. ருக்குமணி, தயாளன், சதாம், சல்மா, டாக்டர் நஸீஹா. கதவருகே ஒரு போலீஸ்காரர். ஏசி வேலை செய்தும் தயாளனின் நெற்றி ஈரமாக இருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"உங்க புருஷன் சாகலக்கா." குமுதா முதலில் அதைத்தான் சொன்னாள். "அவரு மூளை வேல செய்யுது."

ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர் கண்ணப் பாத்ததா சொன்னாங்களே!" என்றான் தயாளன்.

"கண்ணுல மருந்து. சொட்டு பாட்டில யாரோ மாத்தி வச்சாங்க. யாருன்னுதான் இப்ப பேசப் போறோம்." குமுதா உட்காரவில்லை. "மொதல்ல சல்மா. மருந்து அவங்க கைக்கு சுலபமா கெடைக்கும். ஆனா மூளைச்சாவுன்னு சொல்றதுக்கு இருமலையும் மூச்சையும் பாப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். கண்ண மட்டும் மாத்தி என்ன பிரயோஜனம்? இதச் செஞ்சவனுக்கு வைத்தியம் தெரியாது. வெள்ளிக்கிழமை டாக்டர் 'வெளிச்சத்துக்கு கண்ணு சுருங்குது, முழிச்சாலும் முழிப்பாரு'ன்னு சொன்னதக் கேட்டான். கண்ணு சுருங்காம செஞ்சிட்டா செத்ததா ஆயிடும்னு நெனச்சான். அவனுக்கு அவரு முழிக்கக் கூடாது. முழிச்சா பேசுவாரு."

குமுதா சதாமின் பக்கம் திரும்பினாள்.

"சதாம் அண்ணே உள்ள போனது, சொட்டு விட்டு முடிஞ்சதுக்கு அப்புறம். அவரு இல்ல. ருக்குமணி அக்கா கையாலதான் சொட்டு விழுந்துச்சு. ஆனா தானம் வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கறது அவங்கதான். புருஷன் செத்துட்டதா காட்டணும்னா ஏன் தடுக்கப் போறாங்க? அப்ப, தட்டுலேர்ந்து அந்த பாட்டில எடுத்து அவங்க கையில குடுத்தது யாரு?"

ருக்குமணி மெல்லத் திரும்பி கொழுந்தனைப் பார்த்தாள்.

"தட்டுல இருந்தத எடுத்துக் குடுத்தேன்!" தயாளன் எழுந்தான். "அது குத்தமா? வேற எவனாவது மாத்தி வச்சிருந்தா?"

"ஒக்காருங்க. சொட்டு பாட்டிலோட மூக்கு கைக்குக் கழண்டு வராது. உள்ள இருந்தத கொட்டிட்டு வேற ஊத்தணும்னா அத புடுங்கணும். அவசரத்துல பல்லால கடிச்சுப் புடுங்கியிருக்கான். பல் தடம் இருக்கு. ராத்திரி தூக்கமில்லாம ஒரு மனுஷன காப்பாத்தற எடத்துக்கு எச்சில் பாட்டில் வந்திருக்கு. அது லேப்புக்குப் போயிருக்கு. எச்சில் யாரோடதுன்னு அவங்க சொல்லுவாங்க. ஆனா அதுக்கு நான் காத்திருக்கல." குமுதா அவன் எதிரே வந்து நின்றாள். "கண்ணாடியக் கழட்டுங்க."

"கண்ணு வீங்கியிருக்கு."

"கழட்டுங்க."

அவன் கழற்றினான். கண்கள் வீங்கவுமில்லை, சிவக்கவுமில்லை. டாக்டர் நஸீஹா முன்னால் வந்து பேனா விளக்கை இடது கண்ணில் அடித்தாள். பாவை சட்டென்று சுருங்கியது. வலது கண்ணில் அடித்தாள்.

அது விரிந்தே நின்றது.

சதாம் "யா அல்லாஹ்" என்று பின்னால் நகர்ந்தார்.

"நேத்து என் அட்டைய முப்பத்து நாலு வயசு ஆளு கைய நீட்டிப் புடிச்சு, தலையத் திருப்பி ஒரே கண்ணால படிச்சீங்க. நானும் அப்ப கவனிக்காம விட்டுட்டேன். அம்பது வயசு தாண்டின சதாம் அண்ணே அதே அட்டைய கண்ணுகிட்ட வச்சுப் படிச்சப்பதான் எனக்கு ஒறைச்சுச்சு. டாக்டர்கிட்ட கேட்டேன், இந்த மருந்து பட்ட விரலால கண்ணத் தொட்டா என்னாகும்னு. பாவை விரியும், வெளிச்சம் கூசும், பக்கத்துல இருக்கறது மங்கும்னாங்க. ரெண்டாவது, இந்த மருந்து சாதாரண வீட்டுக்கு எப்படி வரும்னு கேட்டேன். கண்ணாடி போடறதுக்கு முன்னாடி, சின்னப் புள்ளைங்களுக்கு வீட்டுலயே விடச் சொல்லி குடுப்பாங்கன்னாங்க."

"என் மகளோட..." ருக்குமணியின் குரல் நடுங்கியது. தயாளனின் மகளை அவள் அப்படித்தான் சொல்வாள். "அவ மருந்தையா?"

"ஆமாக்கா. கீழ கடையில அதே மாதிரி பாட்டில் வாங்கி, இங்க கழிவறையில வச்சு மருந்த மாத்தினான். கை கழுவல. வெளிய வந்ததும் சொந்தக்காரங்க நின்னாங்க. அழுது காட்டணும். கண்ணீர் வரல. விரலால கசக்கினான். அப்புறம் உள்ள வந்து, தட்டுல இருந்த பாட்டிலுக்கு பதிலா அத உங்க கையில குடுத்தான்."

தயாளன் சுற்றிலும் பார்த்தான். "புள்ளைக்கு விடறப்ப தெரியாம பட்டிருச்சு மேடம். அவ்வளவுதான்."

"அப்ப ஏன் அழுது வீங்குச்சுன்னு சொன்னீங்க? இன்னிக்கு காலையில உங்க ரூம சோதன போட்டோம். உங்க பொண்டாட்டிதான் மேல இருந்த பெட்டிய எறக்கிக் குடுத்தாங்க. மாடி பாத்ரூம்லேர்ந்து உங்க அண்ணன் கழட்டின கேமரா இருந்துச்சு. அதுல இருந்ததையும் பாத்தோம். நான் முழுசா பாக்கல. பாக்க முடியல." குமுதா இன்னும் அருகே வந்தாள். "உங்க வீட்டுக்கு வாடகை குடுத்து, உங்கள அண்ணேன்னு கூப்பிட்ட பொண்ணுங்க. செவ்வாய்க்கிழமை நீங்க பட்டர்வொர்த்துக்குப் போகவே இல்ல. அந்தக் கூட்டாளியையும் கேட்டாச்சு."

தயாளன் நாற்காலியில் சரிந்தான். பேசியபோது குரலில் அழுகை இல்லை.

"போலீஸ்ல நீயே போயி சொல்லுன்னாரு அண்ணன். இல்லன்னா நான் சொல்வேன்னாரு. வேலை, குடும்பம், மானம் எல்லாம் போயிடும்னு கெஞ்சினேன். கேக்கல. அந்தப் பொண்ணுங்க மொகத்தப் பாத்து சொல்லுன்னு கையப் புடிச்சு இழுத்தாரு. தள்ளினேன். சாகணும்னு தள்ளல."

"அப்புறம்? ஆஸ்பத்திரியில?"

அவன் கறுப்புக் கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

போலீஸ்காரர் விலங்கைப் பூட்டினார். கதவருகே போனவன் நின்று, டாக்டர் நஸீஹாவைத் திரும்பிப் பார்த்தான். அண்ணனைப் பற்றிக் கேட்கப்போகிறான் என்று குமுதா நினைத்தாள்.

"டாக்டர், என் கண்ணு சரியாயிடுமா?"

நஸீஹா பேனா விளக்கை அணைத்துப் பையில் போட்டாள். குமுதா கதவைத் திறந்துவிட்டாள். அவன் போன பிறகு அவன் தொட்ட கைப்பிடியைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. காலால் தள்ளிச் சாத்தினாள்.

* * *

அடுத்த வாரத்தில் பிச்சைமுத்து கண் விழித்தார். சில நாள் கழித்து வாய்க்குழாயை எடுத்தார்கள். வாக்குமூலம் வாங்க குமுதா வந்தபோது அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். குரல் கரகரத்தது. மருந்து இன்னும் முழுதாக இறங்காததால் பக்கத்தில் நின்ற மனைவியின் முகம் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. அதிர்ச்சி தரும் எதையும் இப்போது சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ருக்குமணி எதையும் சொல்லவில்லை.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன நடந்துச்சு அண்ணே?"

பிச்சைமுத்து கூரையைப் பார்த்தார். "வழுக்கிடுச்சு மேடம். படி ஈரமா இருந்துச்சு. நானாத்தான் விழுந்தேன்."

குமுதாவின் பேனா நின்றது. அடிபட்டவனே அடித்தவனைக் காப்பாற்ற எழுந்து நிற்பதை அவள் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே கசப்புதான் நாக்கில் ஏறும். இந்தத் தடவை அது இன்னும் கூடுதலாக இருந்தது, ஏனென்றால் இந்த மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"அவன் என் தம்பி மேடம். நான் வளத்த புள்ள."

ருக்குமணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கணவரின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு கண்ணு ஏன் மங்குதுன்னு தெரியுமா?" என்றாள். "நீங்க செத்துட்டதா ஆக்கறதுக்கு அவன் மருந்து கலந்து குடுத்தான். நான்தான் ஊத்தினேன். இந்தக் கையால. உங்க கண்ணுல. தெரியாம ஊத்திட்டு, உங்க நெத்தியத் தடவிக் குடுத்துட்டு வந்தேன்."

பிச்சைமுத்து அவள் முகத்தை நோக்கித் தலையைத் திருப்பினார்.

"துளசி நேத்து ரூம காலி பண்ணிட்டுப் போயிட்டா. மத்த பொண்ணுங்களும் போயிட்டாங்க. போறப்ப அவ உங்க ஒடம்பத்தான் விசாரிச்சா. நீங்க பாத்துக்கிறேன்னு சொன்னீங்களாம்."

அவர் கண்ணோரத்தில் நீர் கோத்து, காதுப்பக்கமாக வழிந்தது. ருக்குமணி அதைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

பிச்சைமுத்து தடவிப் பார்த்து அந்தக் கையைத் தேடிப் பிடித்தார். தன் கண்ணருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

"மேடம்," என்றார். "தள்ளினான். எழுதிக்குங்க."

குமுதா எழுதத் தொடங்கினாள்.